‘இங்க என்ன இருக்கு?’: தூத்துக்குடியில் ஊர் சுற்றிப் பார்த்தல் குறித்த ஓர் ஆய்வு

தூத்துக்குடிக்கு வரும் வெளியூர்க்காரர் “பார்க்குறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டால், “இங்க என்ன அண்ணாச்சி இருக்கு? திருச்செந்தூருக்குப் போயிட்டு வாங்க” என்று உள்ளூர்க்காரர் விடை சொல்வது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்களம்: ஆட்டோ நிறுத்தம், டீக்கடை, ரயில் நிலைய வாசல். தொழிலோ வயதோ சமயமோ விடையை மாற்றவில்லை. “வரும்போது மக்ரூன் வாங்கிக்கிடுங்க” என்ற பின்னிணைப்பும் தவறுவதில்லை.

ஒப்பீட்டுக்கு ரோமை எடுத்துக்கொள்வோம். அங்கே எஸ்குவிலின் குன்றின்மேல் சாந்தா மரியா மஜோரே என்னும் மாதா பேராலயம் உள்ளது. நான்காம் நூற்றாண்டில் ஆகஸ்ட் மாதக் கோடையில் அந்தக் குன்றின்மேல் பனி பெய்ததாக ஐதீகம். அதன் நினைவாக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று விதானத்திலிருந்து வெள்ளை மலரிதழ்களைக் கொட்டுகிறார்கள். உலகமே அண்ணாந்து நின்று படம் பிடிக்கிறது.

அதே மாதா, அதே ஆகஸ்ட் 5, சற்றுக் கூடுதலான வெயில்: இது தூத்துக்குடி. பனிமய மாதாவின் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது. இப்போதைய கோயில் 1713இல் எழுந்தது. 1806இல் முதல் தங்கத் தேர் ஓடியது. 1982இல் ரோமே பசிலிக்கா பட்டம் தந்தது. திருவிழா நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. இத்தனைக்கும் பிறகு, ‘இங்க என்ன இருக்கு?’ (பனியே காணாத ஊரில் உப்பளத்து அம்பாரங்களைப் பனியாகக் கொள்ளலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.)

இதற்குக் காரணம் தன்னடக்கம் என்பது முதல் கருதுகோள். தங்கள் மக்ரூனை வேறு ஊர் மக்ரூனோடு ஒப்பிட்டவரிடம் தூத்துக்குடிக்காரர் பேசும் பேச்சைக் கேட்டதும் அது தானாக விழுந்துவிட்டது. அறியாமை என்பது இரண்டாவது. மாதா கோயில் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கூடவே நடந்துவந்து காட்டுவார்கள். ஆக மூன்றாவதே நிற்கிறது: நேர்ச்சைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகிற இடத்தை யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. அங்கே இந்துக்களும் போகிறார்கள், வேண்டுகிறார்கள், திரும்புகிறார்கள். அண்ணாந்து பார்க்க நேரமில்லை.

சான்றுகள் மேலும் உள்ளன. ரோமின் ட்ரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் பழங்காலக் கால்வாய் வழியே வருகிறது. பயணிகள் அதில் காசு எறிகிறார்கள். தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகர்மன்றத் தலைவர் குரூஸ் பர்னாந்துக்கும் சிலை உண்டு. அதன் அன்றாடப் பயன்: “சிலைகிட்ட இறங்கிக்கிடுங்க.” போர்த்துக்கீசியரோ மாதா கோயில் கோபுரத்தில் மட்டும் இல்லை. பர்னாந்து, வாஸ், ரொட்ரிகோ, கோமஸ் என்று ரேஷன் அட்டையிலும் இருக்கிறார்கள். ரேஷன் அட்டையைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்?

மக்ரூன் மட்டும் விதிவிலக்கானது ஏன்? ஐரோப்பாவில் பாதாம், இங்கே முந்திரி. முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். எனவே முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த அந்தக் கூம்பை மெல்பவர் ஒரு வரலாற்றுச் சின்னத்தையே மெல்கிறார். கோபுரத்தைப் பொட்டலம் கட்ட முடியாது, இதை முடியும். ஊர் தன் கட்டடக்கலையில் சிபாரிசு செய்யும் ஒரே பகுதி இதுதான்.

திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே போனால் மணப்பாடு. கடலோர மணற்குன்றின்மேல் 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் சவேரியார் தங்கிய குகை. ஐரோப்பிய நகரம் எதற்கும் சளைக்காத காட்சி. அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். கைகாட்டப்படும் திசை வடக்காக மாறுமே தவிர, ஊர் திருச்செந்தூர்தான்.

ஆகவே வாசகர்கள் உள்ளூர்க்காரரிடம் வழி மட்டும் கேட்கவும், யோசனை கேட்க வேண்டாம். மக்ரூனைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். நமத்துப்போனால் ஆய்வாளர் பொறுப்பல்ல.