மஞ்சள் தடவிய பதில்கள்

கே: மாமா, மஞ்சளில் இருக்கும் குர்குமின் மூளைக்கு அமிர்தமாமே? (பிள்ளையார்பாளையம்)

ப: சோதனைக் குழாயில் அதை அசைக்க ஆளில்லை. வயிற்றில் இறங்கியதும் கதை கந்தல். குடல் உறிஞ்சுவதே சொற்பம், அதையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். மிச்சம் மீதி மூளை வரை போவது, கருட சேவைக் கூட்டத்தில் நீங்கள் பெருமாள் பக்கத்தில் போகிற மாதிரிதான்.

கே: அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்களே! (ஓரிக்கை)

ப: லாஸ் ஏஞ்சலிஸ், கலிபோர்னியா பல்கலைக்கழகம், 2018. லேசான மறதிக்காரர்கள் 40 பேர், 50 முதல் 90 வயது. ஒன்றரை வருஷம், தினம் இரண்டு வேளை 90 மில்லிகிராம். ஞாபகப் பரீட்சையில் குர்குமின் கோஷ்டி முந்தியது. சந்தோஷம். ஆனால் அது உடம்பில் ஒட்டுவதற்கென்றே தயாரித்த ஸ்பெஷல் மாத்திரை, உங்கள் வீட்டு ரசம் இல்லை. பாதிப் பேருக்குக் கொடுத்தது டம்மி. தவிர, 40 பேர் என்பது வாலாஜாபாத் பஸ்ஸில் ஸ்டாண்டிங் மட்டும்.

கே: அப்பாவுக்கு அல்சைமர். குர்குமின் மாத்திரை வாங்கித் தரலாமா? (செவிலிமேடு)

ப: இதில் கிண்டல் கிடையாது. அல்சைமர் நோயாளிகளுக்கே தினம் 4 கிராம் வரை, 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வந்தது: பலன் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அவர் மருந்து சாப்பிடுகிறாரா, பித்தப்பையில் கல் உண்டா என்று பாருங்கள். இருந்தால் மாத்திரை வம்பு. டாக்டர் சொல்லாமல் தராதீர்கள். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கே: அப்படியானால் மாத்திரைக்குப் பதில் தூளாகவே 4 கிராம் குர்குமின் சாப்பிட்டால்? (வையாவூர்)

ப: தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு. கணக்குப் போடுங்கள்: தினம் 130 கிராம் மஞ்சள் தூள். உங்களைப் பார்த்து ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கே: மிளகு சேர்த்தால் ஏறுமாமே? கோயில் இட்லியில் மிளகு இருக்கிறதே? (சின்ன காஞ்சிபுரம்)

ப: அப்படிக் கேளுங்கள். 1998, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. 2 கிராம் குர்குமினோடு மிளகில் இருக்கும் பைபெரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் ஏறியது 20 மடங்கு. வரதராஜர் கோயில் குடலை இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் உண்டு. மந்தாரை இலை வாசனை வேறு. மூளைக்கு நல்லதா என்றால், சைபருக்குப் பக்கத்தில் இருப்பதை 20-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்று பேரனைக் கேளுங்கள். நாக்குக்கு நல்லதா என்றால், எனக்கு இரண்டு துண்டு.

கே: மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வாங்கினானாமே! (உத்திரமேரூர்)

ப: காயம் ஆற்ற மஞ்சள் என்று 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் வாங்கியது. நம்ம சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் கட்டுரைகளையும் கொண்டுபோய்க் காட்டி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. அதைக் கண்டுபிடித்ததாக எழுதிக்கொடுத்த இருவருமே இந்திய வம்சாவளி. பாட்டி சொன்னதை மறக்கவில்லை, பாவம், பாட்டியைத்தான் மறந்துவிட்டார்கள்.

கே: எப்படிப்பட்ட மஞ்சள் வாங்க வேண்டும்? (அய்யம்பேட்டை)

ப: கண்ணைப் பறிக்காத மஞ்சள். பங்களாதேஷில் கிழங்குக்கு மினுக்கு ஏற்ற ஈயக் குரோமேட் பூசியதை 2019-இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்கே வேட்டு. பளபளப்பு ஜரிகையில் இருந்தால் போதும்.

கே: முகூர்த்தப் பட்டில் சாம்பார் கொட்டிவிட்டது. என்ன செய்ய? (காந்தி ரோடு)

ப: சோப்பு போட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிற அதே வேதியியல். வெயிலில் காயவைத்தால் குர்குமின் வெளுக்கும், கூடவே பட்டின் சாயமும் வெளுக்கும். பேசாமல் டிரை கிளீனிங் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘டிசைன்’ என்று சொல்லுங்கள்.

கே: தாத்தா அறுபது வருஷத் தறிக்காரர். கோர்வையில் மூன்று நாடாவும் இம்மி பிசகாது. மூக்குக்கண்ணாடியை மட்டும் தினம் தொலைக்கிறார். மஞ்சள் பால் கொடுக்கலாமா? (பிள்ளையார்பாளையம்)

ப: கை பழகிய வேலைக்கு மூளையில் ஒரு வீடு, ‘கண்ணாடியை எங்கே வைத்தேன்’ என்பதற்கு வேறு வீடு. வயதானால் இரண்டாவது வீட்டில்தான் முதலில் ஒழுகும். பால் கொடுங்கள், தூக்கம் வரும். கண்ணாடியை நெற்றியில் தேடுங்கள்.

கே: எனக்கு 60 வயது. 2059-இல் அத்தி வரதர் எழுந்தருளும்போது மூளை தெளிவாக இருக்க என்ன சாப்பிடலாம்? (சின்ன காஞ்சிபுரம்)

ப: 2019-இல் நின்ற கியூவைப் பார்த்தீர்கள் அல்லவா? மூளை எக்கேடோ கெடட்டும், முழங்காலைக் கவனியுங்கள். மூளை தெளிவாக இருக்கிறவன் அந்தக் கியூவில் நிற்கவே மாட்டான்.