டவர் கிடைக்காத சிம்மைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கடலூரிலோ சிதம்பரத்திலோ குடியிருக்கிறீர்கள். வீட்டில் நாலு போன். மாசா மாசம் ரீசார்ஜுக்கே ஆயிரத்துக்கு மேல் போகிறது. மலிவாக ஒரு ப்ரீபெய்டு சிம் வேண்டும். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். பதினைந்து வருஷமாகத் தப்பான சிம்மாகப் பார்த்து வாங்கி வருகிறேன். ஒரு தடவைகூடக் குறி தப்பியதில்லை. கீழே இருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். மீதியையும் கற்றுக்கொள்ளுங்கள்.

1. குடையைப் பார்த்து வாங்குங்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கலர் குடை நட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். எந்தக் குடை பெரிசோ அதுதான் நல்ல கம்பெனி. அந்த நிழலிலேயே நின்று டவர் பாருங்கள். எல்லாக் கோடும் காட்டும். ஊர் நடுவில் காட்டாமல் வேறெங்கே காட்டும்? உங்கள் வீடு கிள்ளையில் இருக்கிறது, ஆலப்பாக்கத்தில் தோப்புக்குள் இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லி அந்தத் தம்பியைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

2. கேட்கும்போதெல்லாம் விரலை வையுங்கள்.

“ரேகை விழலை சார், இன்னொரு தடவை.” வையுங்கள். “கையைத் துடைச்சிட்டு வைங்க சார்.” துடைத்துவிட்டு வையுங்கள். ஓட்டுச்சாவடியில்கூட விரலுக்கு ஒரு தடவைதான் வேலை. இங்கே மூன்று தடவை. கூடுதலாக வைத்த ரேகையில் உங்களுக்குத் தெரியாமலே இன்னொரு சிம் பிறக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பார்க்காதீர்கள். ஒருவர் பெயரில் 9 சிம் வரைதான் இருக்கலாம். தாண்டினால் 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் தடவைக்கே 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் பத்தாவது சிம் எந்த ஊரில் யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறதோ, அது நல்லபடியாக இருக்கட்டும்.

3. விலையைப் பாருங்கள், நாளை எண்ணாதீர்கள்.

2024 ஜூலை விலையேற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி, 28 நாளுக்கு 239 ரூபாயாக இருந்தது 299 ஆனது. அதே ஒன்றரை ஜிபி, முழு மாசத்துக்கு 319. நீங்கள் கெட்டிக்காரர், 299 போட்டு 20 ரூபாய் மிச்சம் பிடிப்பீர்கள். 28 நாள் வருஷத்தில் 13 தடவை வரும். 13 தடவை 299 போட்டால் 3,887. முழு மாசம் 12 தடவைதான். 12 தடவை 319 போட்டால் 3,828. ஒவ்வொரு தடவையும் 20 ரூபாய் மிச்சம் பிடித்து, வருஷக் கடைசியில் 59 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். தமிழ் மாசங்களிலேயே குட்டை மார்கழி. ஆருத்ரா தரிசனம் வருகிற அந்த மார்கழிக்கே 29 நாள் உண்டு. ரீசார்ஜ் காலண்டரில் வருஷம் பூரா பிப்ரவரி. 30 நாள் பேக் ஒன்று, மாசா மாசம் ஒரே தேதியில் போடுகிற பேக் ஒன்று, எல்லாக் கம்பெனியும் வைத்தாக வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. தேடினால் கிடைக்கும். தேடாதீர்கள்.

4. அம்மாவின் பட்டன் போனுக்கு தினம் 2 ஜிபி போடுங்கள்.

பச்சை பட்டனை அமுக்கினால் பேசும், சிவப்பை அமுக்கினால் நிற்கும், கரண்ட் போனால் டார்ச் அடிக்கும். அந்தப் போனுக்கு தினம் 2 ஜிபி கட்டாயம். ராத்திரி 12 மணிக்கு மொத்தமும் காலாவதி. மிஞ்சின சோற்றுக்காவது தண்ணீர் ஊற்றிக் காலையில் சாப்பிடலாம், இதற்கு அந்த யோகமும் இல்லை. நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கிற பேக் தர வேண்டும், 365 நாள் வரை வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் விதியை மாற்றியது. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். நீங்களும் கேட்க வேண்டாம். அம்மாவுக்குச் செலவு செய்வதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பார்களா?

5. கம்பெனி நிலைக்குமா என்பதைச் சட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் ஒரு காலத்தில் ஏர்செல் என்று எழுதியிருந்தது. தோனி நெஞ்சிலேயே இருக்கிறது, இதற்கு மேல் என்ன ஜாமீன் வேண்டும்? தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த கம்பெனி வேறு. 2018 பிப்ரவரியில் டவர் டவராக அணைந்து, மாசக் கடைசியில் திவால் மனுவில் போய் நின்றது. கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் நம்பரை அச்சடித்திருந்தவர்கள், அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற 1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பக்கூட டவர் இல்லாமல் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். டோகோமோ போனது, யுனினார் போனது. இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தால் புதுச் சட்டையை எப்படி நம்புவது? மறந்துவிடுங்கள்.

6. கோபத்தில் போர்ட் பண்ணுங்கள்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றுகிற வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. நிதானமாக இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். விலை ஏறிய அன்றைக்கு, முதலில் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, பிறகு போர்ட் போடுங்கள். 2024 ஜூலையில் எத்தனையோ பேர் இப்படித்தான் பிஎஸ்என்எல்லுக்கு நடந்தார்கள். மலிவுதான், சந்தேகமே இல்லை. நம் தெருவுக்கு 4ஜி வந்துவிட்டதா என்று மட்டும் கேட்கவில்லை. அந்த 4ஜியை நாட்டுக்கு முறைப்படி தொடங்கிவைத்தது 2025 செப்டம்பர் 27 அன்று. நீங்கள் 14 மாசம் முன்னாடியே போய்த் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டீர்கள். திரும்பி வரலாமென்றால், போன இடத்தில் 90 நாள் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

7. இரண்டு சிம்மையும் ஒரே கம்பெனியில் போடுங்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் படுத்துவிட்டன. டவர் நின்றாலும் அதற்குக் கரண்ட் வேண்டும். பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் டீசல் வந்து சேர்ந்தால்தான் உயிர். ரெண்டு கம்பெனி சிம் வைத்திருக்கிறவருக்கு ஒன்று போனாலும் இன்னொன்று பிழைக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். போனால் சேர்ந்தே போகட்டும். அடுத்த புயலுக்கு இங்கிருந்து வேறு ஊர் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே நம்மைத் தேடி வரும்.

8. பேங்க்கில் கொடுத்த பழைய நம்பரை மேஜை டிராயரில் போட்டு வையுங்கள்.

90 நாள் தொடாமல் கிடந்தால் நம்பர் கையை விட்டுப் போகலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் தாங்கும் என்பது டிராய் 2013-இல் வைத்த ஏற்பாடு. அந்த 20 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். கொஞ்ச நாளில் உங்கள் நம்பர் யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். குலதெய்வக் கோயில் திருவிழா மெசேஜும் அவருக்கே போகும். நல்லவராக இருந்தால் சரி.

9. சுவரை மறந்துவிடுங்கள்.

ஐம்பூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயத்துக்கு. சிக்னல் வருவதும் ஆகாயத்தில்தான். இந்த ஊரில் போய் டவர் கிடைக்குமா என்று சோதிப்பது அபசாரம் இல்லையா? 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டி உள்ளே வருவதில் கெட்டி. 2300, 3500 எல்லாம் வேகத்தில் புலி, சுவரைக் கண்டால் பூனை. எந்தக் கம்பெனி எந்த அலையை உங்கள் தெருவில் விட்டிருக்கிறது என்று பார்க்காமல், விளம்பரத்து வேகத்தை நம்பி வாங்குங்கள்.

எங்கள் பெரியம்மா வாங்கினார். வடக்கு வீதிப் பக்கத்துச் சந்தில் பழைய காலத்து வீடு, ஒரு முழக் கனத்துக்குச் சுவர். கம்பெனி பெயர் வேண்டாம். வாசல் ஜன்னல் கம்பியில், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது கம்பியில், ஒரு மஞ்சப்பை தொங்கும். போன் அதற்குள். மணி அடித்தால் பெரியம்மா பையை அவிழ்க்க மாட்டார். அவிழ்த்தால் டவர் போய்விடும். பையோடு காதை ஒட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்துப் பேசுவார். பேரனுக்குப் பெண் பார்த்த விஷயம் எதிர்வீட்டுக்கு முதலில் தெரிந்ததும், எங்களுக்குப் பிறகு தெரிந்ததும் அப்படித்தான். தேரோட்டத்து அன்று நாலு வீதியிலும் ஜனம் நெரிந்து, அத்தனை போனும் ஒரே டவரைப் பிய்க்கும்போது மஞ்சப்பையும் மௌனமாகிவிடும். “இன்னிக்கு சாமியும் வெளியே, டவரும் வெளியே” என்பார்.

10. கடைசியாக, இதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “நீங்க என்ன சிம் போட்டிருக்கீங்க? அஞ்சு நிமிஷம் போனைக் குடுங்க” என்று கேட்காதீர்கள். வாங்கி வந்து உங்கள் அடுப்படியில் மிக்சி பக்கத்தில் நின்று ஒரு கால், படுக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கால் போட்டுப் பார்க்காதீர்கள். எதிர்வீட்டில் வேறு கம்பெனி என்றால் அதையும் வாங்கிப் பார்க்காதீர்கள். பைசா செலவில்லை, படிவம் இல்லை, விரல் வைக்க வேண்டியதில்லை. இப்படிப் பத்து நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கா இத்தனை வருஷம் நான் பாடுபட்டேன்?

ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னைப் போனில் கூப்பிடுங்கள். காலை ஆறு முதல் ஏழு வரை கிடைப்பேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. மழை பெய்தால் மறுநாள் கூப்பிடுங்கள்.