படியும் உரிமையும்

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா சக்கர நாற்காலியில். வாசலில் மூன்று படி, கழிவறைக் கதவும் குறுகல். மாற்றிக் கட்ட அரச உதவி கிடைக்குமா? – வாசகி, கலகெதர

பதில்: கேட்கலாம், அதற்காக எந்த அரசியல்வாதி வீட்டுப் படியும் ஏற வேண்டாம். உங்கள் ஊரிலேயே உள்ள தும்பனை பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீட்டு வசதி செய்துதர மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் உதவுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, தயங்காமல் போங்கள்.

மேசன் பாஸிடம் ஒன்று சொல்லுங்கள்: ஓரடி உயரத்துக்குச் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் அப்பா இறங்குவார், ஏறமாட்டார். மலைநாட்டு முற்றத்தில் இடம் போதாவிட்டால் திருப்பி வளைத்துக் கட்டலாம்.

விண்ணப்பம் கொடுத்த திகதியைக் குறித்துவைத்து, பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.