ஒன்பதில் ஒருவர்

கேள்வி: ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ பார்த்தேன். ஒரே ஒரு ஜூரி மற்ற 11 பேரையும் மாற்றுவது நம் நாட்டில் நடக்குமா?
– வாசகர், பள்ளுருத்தி, கொச்சி

பதில்: படத்தில் ஏகமனதான முடிவு வேண்டும். அதனால்தான் அந்த ஒற்றை ஆளுக்கு அத்தனை பலம்! நம்மூர் செஷன்ஸ் கோர்ட்டிலோ, ஜூரி முறை இருந்த காலத்தில், பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. 1959, பம்பாய், கடற்படை அதிகாரி நானாவதி மீதான வழக்கு: ‘குற்றமில்லை’ என்றவர்கள் 8 பேர், ‘குற்றவாளி’ என்றவர் ஒரே ஒருவர். ஊரே அந்த அதிகாரிக்காக உருகியபோது, அசையாமல் நின்றார் அவர். எட்டுப் பேரை அவரால் மாற்ற முடியவில்லைதான். ஆனால் நீதிபதி மேத்தா அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. என்னைக் கேட்டால், அந்த வழக்கின் ஹீரோ அந்த ஒன்பதாமவர்தான்!