ஓரங்கட்டுத் திணை

தொல்காப்பியர் வகுத்த திணைகளில் அடங்காத ஒழுக்கம் ஒன்று தமிழ்நாட்டுச் சாலைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வேன் ஓட்டி வருபவரைப் போலீஸ் ஓரங்கட்டச் சொல்வதே அது. காரையும் நிறுத்துகிறார்கள், லாரியையும் நிறுத்துகிறார்கள். ஆயினும் இலக்கணம் குறைவின்றி அமைவது வேனிடத்தில்தான். காரில் ஆள் இருப்பார், லாரியில் சரக்கு இருக்கும். வேனுக்குள் கல்யாண வீட்டுப் பாத்திரமும் இருக்கலாம், அண்டாக்களுக்கு நடுவே சமையல்காரர்கள் எட்டுப் பேரும் இருக்கலாம். உள்ளே என்ன என்ற ஐயம் வண்டியின் உருவத்திலேயே இருக்கிறது.

முதற்பொருள் காண்போம். நிலம், மேம்பாலம் இறங்கியதும் வரும் வளைவு. ஓட்டுநர் கண்ணில் ஏட்டு படும்போது, வண்டியைத் திருப்ப வழியிருக்கக் கூடாது. இடத்தேர்வின் நுட்பம் அவ்வளவே. பொழுது, மாதக் கடைசி என்பது ஓட்டுநர்களிடையே வழங்கும் மரபு. முகூர்த்த நாள் என்பது என் துணிபு. கருப்பொருள்களில் தெய்வம், டேஷ்போர்டுப் பிள்ளையார். மரம், ஜீப்புக்கு நிழல் தரும் புங்கன். பறை, விசில். விலங்கு எது என்று மயங்க வேண்டியதில்லை. 2005-இல் வந்த டாடா ஏஸுக்குக் குட்டி யானை என்று பெயர் சூட்டி, மக்களே ஆய்வாளரின் வேலையைக் குறைத்துவிட்டார்கள்.

உரிப்பொருளில்தான் சிக்கல். நெய்தலுக்கு இரங்கல், இத்திணைக்கு இறங்கல். கார்க்காரர் கண்ணாடியை இறக்குகிறார், வேன்காரர் தாமே இறங்குகிறார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, சீருடையிலுள்ள காவல் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது. இறங்கிப் போய்க் காட்டு என்று அதில் இல்லை. ஆனால் ஏட்டின் கை முழுதாக நீள்வதற்குள் நம்மவர் எஞ்சினை அணைத்து, மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிட்டு, பேப்பர் கவரோடு ஜீப்பருகே நிற்கிறார்.

அச்சமே காரணம் என்பர் ஒருசாரார். பொருந்தாது, எல்லாப் பேப்பரும் சரியாக வைத்திருப்பவரும் இறங்கத்தான் செய்கிறார். மரியாதை என்பர் மற்றொரு சாரார். அதுவும் நிற்காது. தம் காரில் போகும்போது கண்ணாடியை நாலு விரல் மட்டும் இறக்கும் அதே மனிதர், வீடு மாற்ற மச்சான் வேனை இரவல் வாங்கி ஓட்டி வரும் நாளில், விசில் கேட்டதும் குதித்து இறங்குகிறார். ஆகவே இறங்க வைப்பது ஆளின் குணமன்று, வண்டியின் குணம் என்பதே முடிபு. ஏட்டும் இதை அறிவார். காரிடம் “எங்க சார் போறீங்க?” என்பவர், வேனிடம் “எங்கேருந்துப்பா வர்ற?” என்கிறார்.

இனிக் கூற்று.

“என்னப்பா லோடு?”

“பந்தல் சாமான் சார்.”

“பெர்மிட் எங்க?”

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே வேண்டாம் என்று அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஓட்டுநருக்கும் இது தெரியும். ஆனால் பிரிவு எண்ணைச் சொன்னால் புகைச் சான்று, எஃப்.சி., முதலுதவிப் பெட்டி என்று வினா வளரும் என்பதும் தெரியும். எனவே “சின்ன வண்டிதான் சார்” என்று நிறுத்திக்கொள்கிறார். அப்பிரிவுக்கு இதைவிடச் சுருக்கமான உரை இன்னும் எழுதப்படவில்லை.

2018-இல் விதி திருத்தப்பட்டு, டிஜிலாக்கரில் ஆவணத்தைக் காட்டினாலும் செல்லும் என்றானது. இறங்கல் குறையும் என்று எதிர்பார்த்தோம். இப்போது ஒரு கையில் கவர், மறுகையில் போன். சிக்னல் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை ஏட்டும் ஓட்டுநரும் சேர்ந்து பார்க்கிறார்கள். இன்சூரன்ஸ் தீர்ந்திருந்தால் முதன்முறைக்கு 2,000 ரூபாய், சீட் பெல்ட் போடாவிட்டால் 1,000. அதை மெஷின் பார்த்துக்கொள்ளும். திணைக்கு அது புறம்பு.

“சரி, கிளம்பு” என்பதோடு ஒழுக்கம் முடிவதில்லை. விடுபட்ட வேன் சற்றுத் தூரம் போனதும், எதிரே வரும் முன்பின் தெரியாத வண்டிக்கு ஹெட்லைட்டை இருமுறை சிமிட்டும். இதைத் தோழி கூற்றில் அடக்கலாம். இருவழிச் சாலைக்கே உரிய துறை இது. நால்வழிச் சாலையில் வழக்கொழிந்துவிட்டது. எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாதென்று நடுவே அரளி நட்டுவிட்டார்கள்.