பளபளப்பைக் காக்கும் முறை: துபாயிலிருந்து ஒரு கடிதம்

கராமா, துபாய்

பாளையங்கோட்டை மாமா அவர்களின் திருச்சமூகத்துக்கு மருமகன் வணங்கி எழுதுவது.  

மாமா அவர்கள் வாங்கியுள்ள புதுக் காரின் உட்புறம் கருகருவென்று மின்னுவதாகவும், அந்த மினுக்கம் கடைசிவரை மங்காதிருக்க வழி யாதெனவும் அத்தை அவர்கள் வாயிலாகக் கேட்டனுப்பிய வினாவுக்கு விடையாக இக்கடிதம் அமைகிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குச் செல்லும் கடிதத்தில் கலைச்சொல் ஏதேனும் பொருள் விளங்காமல் நின்றால் அது சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும் என்பதைக் குடும்பம் முழுவதும் அறிந்திருப்பதால், அத்தகைய சொற்கள் வருமிடத்திலேயே விளக்கப்படுகின்றன.

கார் விற்பவர்கள் பியானோ பிளாக் என்று குறிப்பிடுவது, மெருகேற்றிய கறுப்புப் பியானோவின் தோற்றத்தைப் பின்பற்றிச் செய்யப்படும் பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக் ஆகும். கியரைச் சூழ்ந்த தளம், கோப்பை வைக்கும் குழியின் விளிம்பு, கதவில் சன்னல் பொத்தான்கள் அமைந்த பட்டை எனக் கை ஓயாமல் படும் இடங்கள் எவையோ அவற்றையே தேடித் தேடி இதனைப் பதிப்பது கார் வடிவமைப்பாளர்களின் வழக்கமாக இருந்துவருகிறது. வெளிறிய அல்லது சொரசொரப்பான பரப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் தூசியும் கீறலும் அச்சிதறலுக்குள் மறைந்துவிடுகின்றன. கறுப்புப் பளபளப்போ நேரே விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை மட்டும் ஒரே திசையில் திருப்பியனுப்பி எஞ்சியதை விழுங்கிவிடுவதால், அந்த இருண்ட பின்னணியில் ஒரு பொடித் தூசி கூடத் தனித்து மின்னுகிறது. மாலை வெயில் சாய்வாக உள்ளே விழும்போது, சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போன்ற வட்டக் கீறல்கள் புலப்படும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடினாலும், ஒளியின் பிம்பத்தைச் சுற்றி வளையமாக அமையும் திசையில் கிடப்பவை மட்டுமே கண்ணை நோக்கி ஒளிர்கின்றன என்பதால், விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும்.

கீறலின் காரணத்தை அறிய மோஸ் அளவுகோல் உதவுகிறது. எந்தப் பொருள் எதனைக் கீறும் என்பதை வைத்து, மிக மென்மையான டால்க்குக்கு 1 என்றும் வைரத்துக்கு 10 என்றும் கனிமங்களை வரிசைப்படுத்தும் இந்த முறையை 1812இல் ஃபிரீட்ரிக் மோஸ் என்னும் ஜெர்மானியக் கனிமவியலாளர் வகுத்தார். பாலைவன மணலில் கலந்துள்ள குவார்ட்ஸின் இடம் 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. காரின் பிளாஸ்டிக்கோ இவ்விரண்டுக்கும் வெகு கீழே உள்ளது. வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் என்னும் காற்று, மூடிய கதவுக்கும் ஏசி வடிகட்டிக்கும் மரியாதை தராமல் அந்தத் துகள்களைக் கொண்டுவந்து டேஷ்போர்டில் இறக்கிவிடுகிறது. ஆயினும் இறங்கிய தூசி தன் பாட்டில் கிடக்கும்வரை யாதொரு தீங்கும் செய்வதில்லை. காரின்மீது அளவிறந்த பாசம் கொண்ட உரிமையாளர் அதனை அழுத்தித் துடைக்கும் கணத்தில்தான் அது உப்புத்தாளாக மாறுகிறது. ஆகவே பளபளப்பைக் கெடுப்பதில் அழுக்கை விடத் துப்புரவுக்கே பெரும்பங்கு உண்டு என்பது இத்துறையின் முதல் விதியாகக் கொள்ளத்தக்கது.

இவ்விதியை மீறுவதற்கு வளைகுடா வாழ்க்கை அளிக்கும் வசதிகள் பலவாகும். இங்கே முன்னிருக்கையருகே ஒரு டிஷ்யூ பெட்டி இல்லாத காரைக் காண்பது அரிது. ஷார்ஜாவில் வாடகை குறைவென்று குடியிருந்து துபாயில் வேலை பார்ப்போர், அல் இத்திஹாத் சாலையின் நெரிசலில் காலை, மாலை இருவேளையும் ஊர்ந்து செல்கையில், செய்வதற்கு வேறொன்றும் இல்லாமையால், அப்பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவி எதிரே தெரியும் கறுப்புப் பரப்பை வறட்டுத் துடைப்பாகத் துடைக்கத் தொடங்குகின்றனர். தாள் என்பது மரக்கூழின் இழைகளால் ஆனது. அது முகத்துக்கு மென்மையாயினும் தூசியோடு சேர்ந்தால் பிளாஸ்டிக்குக்கு மென்மையன்று. மேலும் உலர்ந்த துடைப்பு பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டத்தை, அதாவது உராய்வினால் தோன்றி ஓரிடத்திலேயே தங்கும் மின்னூட்டத்தை, உண்டாக்குவதால், விரட்டப்பட்ட தூசி அடுத்த சிக்னலுக்குள் சுற்றத்தோடு திரும்பி வந்துவிடுகிறது.

மாலையில் மலையாளச் சேட்டன்மார் நடத்தும் கஃபட்டேரியாவின் முன் நிறுத்தி ஹாரன் அடித்தால், கடக் என்னும் ஏலக்காய் மணக்கும் கெட்டிச் சாயா காருக்கே வந்து சேரும். காகிதக் கோப்பையின் அடியில் வழிந்த சாயா, கியர் அருகே சர்க்கரைப் பிசுக்குடன் ஒரு வட்டத்தைப் பதிக்க, அவ்வட்டத்தில் காற்றில் வரும் மணல் வந்து ஒட்டிக்கொள்ள, அதனை நகத்தால் சுரண்டும் பழக்கம் கீறலின் வரலாற்றில் தனி அத்தியாயம் ஆகிறது. பல குடியிருப்புகளில் மாதக் கட்டணத்துக்கு விடியற்காலையில் கார் துடைக்கும் ஊழியரோ, ஒரு வாளி, ஒரு துணி என்னும் எளிமையைப் பேணுவதால், சக்கரத்தைத் துடைத்த துணியே உள்ளேயும் வருகை புரிவதுண்டு. பொது இடத்தில் காரை நாட்கணக்கில் அழுக்கேற விட்டால் துபாய் மாநகராட்சி 500 திர்ஹாம் வரை அபராதம் விதிக்கக்கூடும் என்பதால் வெளிப்புறத்துக்கு அஞ்சுவோர் பலர். உட்புறத்துக்கு, வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு அழைக்கப்பட்ட நண்பர் பின்னிருக்கையிலிருந்து உதிர்க்கும் ஒற்றைச் சொல்லே அபராதம்.

இனி முறை கூறப்படும். காரை நிழலில் நிறுத்தி, பரப்பு சூடு தணிந்தபின், ஏசியின் காற்றை அணைத்துவிட்டு, முதலில் தூசியைத் தேய்க்காமல் அகற்ற வேண்டும். காமிரா வில்லைக்குப் பயன்படும் ரப்பர் ஊதியும் முடி மென்மையான அகலத் தூரிகையும் இதற்குப் போதுமானவை. அதன் பின்னரே மைக்ரோஃபைபர் துணிக்கு இடமுண்டு. பாலியெஸ்டரையும் நைலான் வகை இழையையும் சேர்த்து, ஒரு டெனியருக்கும் குறைவான நுண்மையில் நெய்யப்படுவது இத்துணி. 9000 மீட்டர் நீள இழை ஒரு கிராம் எடையிருந்தால் அது ஒரு டெனியர். இதனை இரண்டு முறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்குமாதலால், ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததற்கு மாறி, லேசாக நனைத்து, வட்டமாகச் சுழற்றாமல் ஒரே போக்கில், துணியின் சொந்த எடையளவே அழுத்தித் துடைத்தல் வேண்டும். பாளையங்கோட்டை வீட்டின் போர்த் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் செல்லுமாதலால், ஆர்.ஓ. தண்ணீரே உகந்தது. துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் அது இழைகளின்மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் மிஞ்சி, ஒர்க்‌ஷாப்களில் பனியன் வேஸ்ட் என்று புழங்கும் துண்டுகள் எஞ்சின் எண்ணெய்க்குச் சிறந்தவையாயினும், தையலும் மடிப்பும் உள்ளவையாதலால், பளபளப்பின் அருகே வரலாகாது.

தொடுதிரைக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. 2021இல் வெளிவந்த மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் காரில் திரைகளை மூடும் வளைந்த கண்ணாடி 141 சென்டிமீட்டர் அகலத்தில் டேஷ்போர்டு முழுவதும் விரிந்தது முதல், சிறிய கார்களும் தத்தம் தகுதிக்கேற்பத் திரையை அகட்டி வருகின்றன. திரைமேல் கூசொளியைக் குறைக்கும் பூச்சும் விரலெண்ணெய் ஒட்டாதிருக்கச் செய்யும் பூச்சும் இருக்கக்கூடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் இவற்றைத் தேய்த்துவிடும், கைச் சுத்திகரிப்பானில் உள்ள ஆல்கஹாலோ சில பிளாஸ்டிக்குகளில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். எந்தத் திரவமாயினும் திரையில் நேரே தெளித்தால் விளிம்பு வழியே உட்புகுமாதலால், துணியில் தெளித்தே பயன்படுத்த வேண்டும். துடைக்கும் விரல் தவறுதலாக அமைப்புகளை மாற்றிவிடாதிருக்க, டெஸ்லா கார்களில் திரை துடைப்பதற்கென்றே ஒரு நிலை அமைக்கப்பட்டுள்ளது. ஏனைய கார்களில் திரையை அணைத்துக்கொள்வதே வழி. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருப்பதை மதிப்பெண்ணுக்கு உரியதாக்கியது. ஓட்டுநரின் கண் சாலையில் இருக்க வேண்டுமென்பதே அதன் நோக்கமாயினும், திரைமேல் விரல் படுவது குறைவதனால் துடைப்போருக்கும் அதில் பங்குண்டு.

கடைகளில் 9எச் கடினம் என்று விற்கப்படும் திரைக்காப்புக் கண்ணாடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அந்த 9 மோஸ் எண்ணன்று. எந்தப் பென்சிலால் கீறினால் கோடு விழும் என்று பார்க்கும் வேறொரு சோதனையைச் சேர்ந்தது. வரைபடப் பென்சிலுக்குத் தப்பிய கண்ணாடி, குவார்ட்ஸ் மணலுக்குத் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. கறுப்புப் பட்டைகளுக்கு, டிபியு என்னும் நெகிழ்வான பாலியூரித்தேனால் ஆன ஒளிபுகும் படலத்தை அளவாக வெட்டி ஒட்டுவது மேலான காப்பாகும்; அதில் விழும் நுண்கீறல் வெப்பம் பட்டால் பெருமளவு தானே ஆறிவிடும். புதுப்பொருளின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் நம்மவர் மரபுக்கு அறிவியல் அளித்த தாமதமான அங்கீகாரமாக இதனைக் கருதலாம். எனினும் கார் ஆலையிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் தற்காலிக உறையை அவ்வாறே விட்டுவைத்தால், வெயிலில் அதன் பசை முற்றிப் பிரிக்க இயலாமல் போகும்.

இறுதியாக, வண்டிப் பூசையைப் பற்றி. விபூதியில் சிலிக்கா உண்டு. சாணச் சாம்பலால் பித்தளை துலக்கிய தலைமுறைக்கு அதன் தேய்க்கும் ஆற்றலைப் புதிதாகக் கூற வேண்டியதில்லை. எனவே விபூதியும் சந்தனமும் ஸ்டீயரிங்கின் மேலுள்ள சொரசொரப்பான பகுதியில் இடப்படுவது பக்திக்குக் குறைவாகாது. பிள்ளையாரும் பளபளப்பில்லாத பகுதியில் ஒட்டப்பட்டால் மனம் கோணமாட்டார்.

ஆண்டு விடுமுறையில் ஊர் வரும் பெட்டியில் பிஸ்தா, கோடாலித் தைலம், அத்தர் ஆகியவற்றோடு இம்முறை மைக்ரோஃபைபர் துணிகளும் ஒரு கட்டு வரவிருக்கின்றன. அத்தை அவர்கள் அவற்றின் மென்மையைக் கண்டு ஒன்றைத் தோசைக்கல் துடைக்க எடுத்துக்கொள்ளக் கூடும். அவ்வாறு நேர்ந்தால் அத்துணியை அடுப்படிக்கே நிரந்தரமாக ஒப்படைத்துவிடுவது காரின் பளபளப்புக்கும் இல்லத்தின் அமைதிக்கும் ஒருங்கே நல்லது. எண்ணெய் கண்ட துணி, எத்தனை முறை துவைத்தாலும், மீண்டும் டேஷ்போர்டுக்கு வரலாகாது.

இங்ஙனம்,
பணிவுள்ள மருமகன்