முப்பது சென்ட் துரை

ஏற்காட்டு ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று நடந்தால் இரண்டு துரைகளாவது எதிரே வராமல் இருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரத் துரைகள் போய்ப் பல தலைமுறை ஆயிற்று. இவர்கள் முப்பது சென்ட் துரைகள். சேலத்திலோ ஈரோட்டிலோ ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் அரைக்கைச் சட்டையோடு கோப்பு நகர்த்திவிட்டு, ஓய்வுப் பணத்தில் நாகலூர்ப் பக்கம் முப்பது சென்ட் வாங்கி, அதில் ஒரு வீடும் நாற்பது காபிச் செடியும் இரண்டு சில்வர் ஓக்கும் நட்டு, கேட்டில் ‘எஸ்டேட்’ என்று பலகை மாட்டியவர்கள். பலகை ஏறிய மறுநாளே உடுப்பு மாறிவிடும். தலையில் ஃபெல்ட் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், உடம்பில் ஜெர்கின், முழங்கால் எட்டும் பூட்ஸ், கையில் பூண் போட்ட தடி. என்றோ ஒரு நாள் போட்டுக் கழற்றும் வேஷம் அல்ல இது. பால் வாங்கவும் இதுதான், ரேஷன் கடைக்கும் இதுதான், கேஸ் சிலிண்டர்காரருக்குச் சில்லறை கொடுக்கவும் இதுதான். கேட்டால் ஒரே பதில்: “ஸ்டைலையும் விடக்கூடாது சார், கம்ஃபர்ட்டையும் விடக்கூடாது.” இரண்டையும் அவர் எப்படி ஒரே உடம்பில் குடிவைத்திருக்கிறார் என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். தொப்பியையும் தடியையும் மன்னித்துவிடலாம். ஜெர்கினை மன்னிப்பதற்கில்லை.

ஜெர்கின் சிகாகோவிலிருந்து மகன் அனுப்பியது. (துரை என்றால் குளிர்நாட்டில் ஒரு மகன் இருந்தே தீருவான்.) தண்ணீர் உறையும் குளிரில், மிச்சிகன் ஏரிக்காற்று முகத்தில் அறையும்போது பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்காகத் தைத்த சாமான் அது. வெளியே நைலான், உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, கழுத்து வரை ஜிப். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிப் பாடம். பெருக்கிப் பார்த்தால் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் எட்டு டிகிரி. கத்திரி வெயிலில் சேலம் 38 என்றால் ஏற்காடு 30. கீழே வெந்துவிட்டு வந்தவருக்கு அது சொர்க்கம்தான், சந்தேகமில்லை; ஆனால் முப்பது டிகிரி என்பது சொர்க்கத்திலும் முப்பது டிகிரிதான், அங்கேயும் யாரும் ஜிப்பைத் தொண்டை வரை இழுத்துவிட்டுக்கொள்ள மாட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் குமட்டல் வரலாம், குளிர் வந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. ‘ஏழைகளின் ஊட்டி’ என்று இந்த ஊருக்குப் பட்டம் கட்டியவர் செய்த வினை இது. ஊட்டி 2,240 மீட்டர். இன்னும் முக்கால் கிலோமீட்டர் மேலே இருக்கிறது. அந்த முக்கால் கிலோமீட்டருக்கான துணியையும் சேர்த்தே நம் துரை போட்டுக்கொள்கிறார். பதினொரு மணிக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். மஃப்ளரால் துடைத்துக்கொண்டு, “இன்னிக்கு சில்லுனு இருக்கு” என்பார். எதிரே நிற்பவர் லுங்கியும் பனியனுமாக மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருப்பார். பாவம், தலையாட்டி வைப்பார்.

தோட்டக்காரர்களின் மரபுடை இது என்பது துரை தரப்பு வாதம். மரபையும் பார்த்துவிடுவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். மோட்டார் வண்டி வராத அந்தக் காலத்தில் துரைமார் மேலே வரக் குதிரையை நம்பவேண்டும், இல்லையென்றால் ஆட்களின் தோளை நம்பவேண்டும். உயரமான பூட்ஸ் சேணத்தில் கால் உராயாமல் இருக்க, புதரில் முள்ளும் பாம்பும் தீண்டாமல் இருக்க. நம்மவர் ஏறுவது ஆக்டிவாவில். அதில் கால் வைக்கச் சமமான பலகையே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தவிர, உடை விஷயத்தில் வெள்ளைக்காரர்களைக் குருவாகக் கொள்வது அவ்வளவு பத்திரமான காரியமும் அல்ல. அடிவயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்று நம்பி, இந்த வெயில் தேசத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இடுப்பைச் சுற்றி ஃபிளானல் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதற்கு ‘காலரா பெல்ட்’ என்றே பெயர். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் காட்டிக்கொடுத்த பிறகும் பட்டை உடனே அவிழவில்லை; இன்னும் பல வருடம் இடுப்பிலேயே இருந்தது. பயத்துக்காகக் கட்டியது பழக்கமாகி, பழக்கம் கௌரவமாகிவிட்டால், காரணம் செத்துப்போனாலும் துணி சாவதில்லை. துரையின் ஜெர்கினை அந்தப் பட்டையின் பேரன் என்று சொன்னால் பட்டைக்கு வேண்டுமானால் அவமானம். அதன் பின்னால் நோய் பற்றிய ஒரு தப்பான கருத்தாவது இருந்தது.

அறுபதைத் தாண்டியவருக்குக் குளிர் அதிகம் உறைக்காதா என்று கேட்கலாம். உறைக்கும். வயதாக ஆகத் தோல் மெலிகிறது, தோலுக்கடியில் கொழுப்பு குறைகிறது, ரத்த ஓட்டமும் மந்தமாகிறது. மார்கழி, தை இரவுகளில் ஏற்காடு பதின்மூன்று டிகிரிக்கு இறங்கும்போது ஜெர்கினை யாரும் குறை சொல்லவில்லை. பருத்தியே போதும் என்று உபதேசம் செய்வதும் சரியல்ல. ஐப்பசி மூடுபனியில் கொடியில் போட்ட பருத்திச் சட்டை மூன்று நாளானாலும் பிசுபிசுக்கும், அதைப் போட்டுக்கொண்டால் நடுக்கம் கூடும். மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். அதனால் மலைநாட்டுக்குச் சரியான ஏற்பாடு எப்போதும் அடுக்குத்தான்: உள்ளே ஒரு மெல்லிய சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர், தேவைப்பட்டால் அதன்மேல் ஒரு சால்வை. அடுக்குகளுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும் காற்றுதான் உண்மையான போர்வை. காலையில் மூன்று, பத்து மணிக்கு இரண்டு, உச்சியில் ஒன்று என்று உரித்துக்கொண்டே வரலாம். துரையிடமும் இரண்டு அடுக்கு உண்டு. மேல் அடுக்கு சிகாகோ. கீழ் அடுக்கு திருப்பூர். அதாவது, அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தியே ஓய்வுபெற்றிருக்க வேண்டிய ஒரு கைவைத்த பனியன், அக்குளில் இரண்டு பொத்தல், நெஞ்சில் மஞ்சள் கறை, கழுத்து தொய்ந்து தோள் வரை. நடுவில் சட்டை கிடையாது. ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்ற தத்துவத்தில் உதித்த ஏற்பாடு.

துரையின் மர்மம் முழுவதும் இங்கேதான் அவிழ்கிறது. ஸ்டைல் வெளியே, கம்ஃபர்ட் உள்ளே. இரண்டையும் விடவில்லை என்று அவர் சொல்வது சத்தியம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சிறைபிடித்து வைத்திருக்கின்றன. ஜிப்பை நான்கு விரல் இறக்கினால் பனியன் வெளியே வந்து துரைப் பட்டம் போய்விடும். ஆகவே கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் ஆவி பறக்கும்போதும் ஜிப் இறங்காது. அண்ணா பூங்காவில் கோடை விழாக் கூட்டம் நெரிக்கும்போதும் இறங்காது. பேங்கில் ஜன்னல் இல்லாத மூலையில் டோக்கனோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் இறங்காது. “கழட்டி வைங்களேன் சார்” என்று யாராவது கரிசனமாகச் சொன்னால், ஜிப்பை இன்னும் ஓர் அங்குலம் ஏற்றிவிட்டு, “பழகிடுச்சு” என்பார். நைலானுக்குள்ளிருந்து வேர்வை வெளியே போக வழியில்லை; பனியன் ஊறும்; மாலை காற்று திரும்பியதும் ஊறிய பனியன் நிஜமாகவே சில்லிடும். அப்போது அவர் நடுங்குவதில் நடிப்பு இல்லை. மறுநாள் காலை தும்மிக்கொண்டே, “பார்த்தீங்களா, ஜெர்கின் போட்டும் இப்படி, போடாம இருந்திருந்தா?” என்று வேறு கேட்பார். இந்த வாதத்துக்கு எந்த வக்கீலிடமும் பதில் இருக்காது.

இதே மலையில், இவருடைய வேலிக்கு அந்தப் பக்கத்திலேயே சரியான விடை நடமாடிக்கொண்டிருக்கிறது. காபிப் பழம் பறிக்க வரும் பெண்களைப் பாருங்கள். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் பழம் போடக் கட்டிய சாக்கு. மழை வந்தால் கொங்காணி. முழுக்கை கிளைக் கீறலுக்கும் எறும்புக்கும். துண்டு காலையில் பனிக்கு, மதியம் வெயிலுக்கு, சாயங்காலம் கை துடைக்க. ஊதாச் சேலைக்கு மேலே கட்டம் போட்ட சட்டை, கொண்டையில் ஒரு டேலியாப் பூ. இந்த நிறப் பொருத்தத்தைத் துணியலங்காரக்காரர்கள் யோசித்துச் செய்தால் பெரிய பெயர் வைத்திருப்பார்கள். கூலிக்காரர்களின் உடையைப் புகழ்வது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒருவர் இடைமறித்தால், அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தச் சட்டை தேர்ந்தெடுத்ததல்ல, புருஷனின் பழையது; காசு இருந்தால் அவரும் மழைக்கோட்டு வாங்கத்தான் செய்வார். ஆனால் அந்த உடுப்பில் வேலையில்லாத துணி ஒன்றுகூட இல்லை என்பது ஏழ்மையால் பொய்யாகிவிடாது. ஏழ்மைதான் காரணம் என்றால், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஊரை விட உயரத்தில், காற்று அடித்துத் தள்ளும் மொட்டை மேட்டில், இந்த மலையிலேயே பிறந்த மலையாளி சனங்கள் இருப்பதில் நல்லதை எடுத்து உடுத்திக்கொண்டு வருவார்கள். வெள்ளை வேட்டி, புதுச் சேலை, தோளில் துண்டு. கூட்டத்தில் ஜெர்கினைத் தேடினால் அதற்குள் நம் துரை இருப்பார்.

அவரைத் திட்டிக்கொண்டே போனால் நியாயம் ஆகாது. முப்பத்தைந்து வருடம் பழுப்புச் சட்டை, சாம்பல் பேண்ட். தீபாவளிக்குக்கூட ஆபீஸுக்கு ஆகும் நிறத்தில்தான் துணி எடுத்தார். மிச்சம் பிடித்த பணம் பிள்ளையைச் சிகாகோவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இளம்பிள்ளைச் சேலையும் சேலம் வெண்பட்டும் சென்னிமலைப் போர்வையும் திருப்பூர்ப் பின்னலும் சுற்றி நாற்புறமும் குவிந்து கிடக்க, தனக்கென்று ஆசையாக ஒரு முழம் எடுத்தறியாத மனிதர். கண்ணாடி முன் நிற்க அவருக்கு அவகாசம் கிடைத்ததே அறுபதில்தான். அப்போது நின்றவருக்கு என்ன உடுத்துவதென்று தெரியவில்லை. எந்த சினிமாவிலோ பார்த்த எஸ்டேட் முதலாளியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த அளவுக்கு அவர் வேர்த்துவிட்டுப் போகட்டும். ஆசைக்காகக் கஷ்டப்படுவது யாருடைய உரிமையும்தான்.

ஆனால் கஷ்டத்தை அவர் தனியாகப் படுவதில்லை. என் குறையெல்லாம் அதுதான். வீட்டில் துரைசானி நைட்டி போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டிருக்கிறார். தளர்ச்சியாக இருக்கும், காற்று புகும், நின்றால் உட்கார்ந்தால் இழுக்காது, துவைத்தால் காயும், பக்கவாட்டில் பாக்கெட் வைத்துத் தைத்ததும் கிடைக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் கடந்த அரை நூற்றாண்டில் நுழைந்த உடைகளில் இதைவிட உபகாரமானது வேறில்லை. அந்த நைட்டியோடு அவர் கேட்டைத் தாண்டிக் கீரைக்காரம்மாவிடம் பேசப் போனால் துரைக்கு மானம் போய்விடும். “எஸ்டேட் வீட்டுப் பொம்பளை இப்படியா ரோட்டுக்கு வர்றது? சேலை கட்டிக்கிட்டு வா.” ஐந்து ரூபாய்க் கொத்தமல்லிக்கு ஐந்தரை மீட்டர் சேலை. இந்தப் புத்தி இவருக்கு மட்டும் சொந்தமல்ல. 2018இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெரியவர்கள், பகலில் நைட்டியோடு வெளியே வரும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பே எழுதினார்கள். துரை அபராதம் போடுவதில்லை, முறைப்பதோடு சரி. பொத்தல் பனியனை ஜெர்கினுக்குள் ஒளித்து வைத்திருப்பவர், பொத்தலே இல்லாத நைட்டியைக் கேட்டுக்குள் ஒளித்து வைக்கச் சொல்கிறார். ஸ்டைல், கம்ஃபர்ட் என்று இரண்டு வரம் கேட்டுக்கொண்ட மனிதர் வீட்டிலிருக்கும் இன்னொருத்திக்கு ஒன்றைக்கூட முழுசாகக் கொடுக்கவில்லை. அந்தப் பனியனை அலசிக் காயவைத்து மடித்து வைப்பதும் அவள்தான்.

நல்லவேளையாக, ஜெர்கினுக்கு மூளை இல்லாவிட்டாலும் ஏற்காட்டு மழைக்கு நேரம் தெரியும். துரை மதியம் சாப்பிட்டு, ஜெர்கினை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேகம் இறங்கிக் கொட்டத் தொடங்கும். கொடியில் துணி. துரைசானி கைக்கு எட்டிய ஜெர்கினை நைட்டிக்கு மேலே மாட்டி, தலைக்கு அதன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, ரப்பர் செருப்போடு இறங்குவார். கிளிப்பெல்லாம் ஒரு பாக்கெட்டில், சாவி ஒன்றில், போகிற போக்கில் பறித்த கறிவேப்பிலை ஒன்றில். அந்த உடுப்பில் ஒரு குறை சொல்ல முடியாது; சிகாகோக்காரன் எதற்காகத் தைத்தானோ அதற்கே முதல் தடவையாக அது பயன்படுகிறது. உள்ளே கட்டிலில் புரண்டு படுக்கும் துரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொல்வது இவ்வளவுதான்: “ஜிப்பைப் பார்த்து இழு, ரன்னர் கழண்டுடப் போகுது.”